காரையாறு அணைக்கு அடியில் ஓடிய ஆறு: எந்த வரைபடத்தை நம்பலாம்?

எங்கள் ஆச்சிக்குப் பிறந்த ஊர் பாபநாசத்துக்குப் பக்கத்து வி.கே.புரம் (விக்கிரமசிங்கபுரம்). கல்யாணத்துக்கு முன்னால் வீட்டு ஆட்களோடு பாணதீர்த்தத்துக்கு நடந்தே போய் வந்த கதையைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பார்த்த பாணதீர்த்தம் வேறு. காரையாறு அணையில் படகு ஏறி, தண்ணீர் மேலேயே போய் அருவிக்குப் பக்கத்தில் இறங்கினோம். ஆச்சி நடந்த வழி அந்தத் தண்ணீருக்கு அடியில் கிடந்தது. எந்தக் கரையோரமாகப் போனாள் என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றிய வயதில் ஆச்சி இல்லை.

அந்த ஒரு கேள்விக்காகத்தான் பாபநாசத்துக்கு மேலே உள்ள தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் பழைய வரைபடங்களைத் தேட ஆரம்பித்தேன். இப்போது ஐந்தாறு வகை கையில் இருக்கிறது. சில அச்சுத்தாள், சில நகல், சில கணினிக் கோப்பு. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, ஆறு முன்னால் எங்கே ஓடியது, எந்தக் கால்வாய் எங்கே சேர்ந்தது என்று விசாரிக்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். "எந்த மேப்பு வாங்கலாம்?" என்று என்னிடமும் கேட்கிறார்கள். என் பதில் இது. பள்ளத்தாக்கை வைத்துத்தான் ஒப்பிடுகிறேன். சமவெளிக்கு வேறு கணக்கு.

முதலில் அளவு. பாபநாசம் கோயிலிலிருந்து பொதிகை உச்சி, அதாவது அகத்தியர் மலை, நேர்கோட்டில் ஏறக்குறைய 17 கி.மீ. இந்தத் தூரம் 19-ஆம் நூற்றாண்டு இந்திய அட்லஸில் இரண்டரை அங்குலத்துக்குச் சற்று மேல். அமெரிக்க ராணுவத்தின் 1:250,000 தாளில் 7 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பழைய ஒரு அங்குலத் தாளில், அதாவது ஒரு மைலை ஒரு அங்குலமாகச் சுருக்கிய 1:63,360 தாளில், பத்தரை அங்குலம். மெட்ரிக் 1:50,000 தாளில் 34 சென்டிமீட்டர். பாதியைத் தள்ளிவிட இதுவே போதும். ஒரு மலைப்பாதையை ஏழு சென்டிமீட்டருக்குள் தேட முடியாது.

ஆனாலும் அட்லஸைப் பார்க்காமல் விடாதீர்கள், அழகுக்காகவாவது. 1802-இல் பரங்கிமலைப் பக்கம் ஆங்கிலேய ராணுவ அதிகாரி லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவை தெற்கே குமரிமுனைப் பக்கம் வரை வந்தது. (வழியில் 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவி கயிறு அறுந்து மோதி நசுங்கியது, அதை மனுஷன் உட்கார்ந்து தட்டிச் சரிபண்ணியிருக்கிறார்.) அந்த வலையின் மேல் எழுந்ததுதான் நாலு மைலுக்கு ஒரு அங்குலம் என்ற அட்லஸ். அதில் மலைக்குச் சமஉயரக் கோடு (ஒரே உயரத்தில் உள்ள இடங்களைச் சேர்த்துப் போடும் கோடு) கிடையாது; சரிவு இறங்கும் திசையில் குட்டிக் குட்டிக் கீறல்கள். மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்கக் கம்பளிப்பூச்சி ஊர்வதுபோல இருக்கும். எந்த மலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு பார்வையில் புரியும். எவ்வளவு உயரம் என்று கேட்டால் பதில் கிடைக்காது. ஆறு எங்கே திரும்புகிறது என்பதும் உத்தேசந்தான். சட்டம் போட்டு மாட்டலாம். காட்டுக்கு எடுத்துப்போக முடியாது.

அமெரிக்கத் தாள்தான் இணையத்தில் பலருக்கும் முதலில் கிடைப்பது. 1950களில் அவர்களுடைய ராணுவ வரைபடப் பிரிவு இந்தியா முழுக்க வெளியிட்ட யு502 வரிசை. டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் ஸ்கேன் செய்து சும்மாவே கொடுத்திருக்கிறது. பலரும் "பழைய டோப்போ ஷீட் கிடைத்துவிட்டது" என்று அனுப்புவது இதைத்தான். இதில் ஒரு பொறி இருக்கிறது. அவர்கள் இங்கே வந்து அளக்கவில்லை. கையில் இருந்த இந்திய நில அளவைத் தாள்களைச் சேர்த்துத் தொகுத்திருக்கிறார்கள். ஓரத்தில் 195-ஏதோ என்று போட்டிருந்தாலும் உள்ளே இருக்கிற மலை அதற்கு முந்திய காலத்து மலை. எந்தப் பகுதிக்கு எவ்வளவு நம்பலாம் என்று ஒரு குட்டிப் படம் அடியில் போட்டிருப்பார்கள், அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. மாவட்டம் முழுவதையும் ஒரே மூச்சில் பார்க்க நல்ல தாள். பள்ளத்தாக்குக்குள் இறங்கினால் கைவிட்டுவிடும். ரஷ்ய ராணுவத் தாள்களும் உண்டு. ரஷ்ய எழுத்தைக் கூட்டி வாசித்து அம்பாசமுத்திரத்தைக் கண்டுபிடிக்கும் பொறுமை எனக்கில்லை.

ஆக உண்மையான போட்டி மூன்று பேருக்குள்: பழைய ஒரு அங்குலத் தாள், மெட்ரிக் 1:50,000 தாள், இப்போது இலவசமாகக் கிடைக்கும் திறந்த வரிசைத் (ஓப்பன் சீரிஸ்) தாள். நாலாவதாகச் செயற்கைக்கோள் படம். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

இந்திய நில அளவைத் துறை தாளுக்குக் கொடுத்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பாபநாசம், காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு, அம்பாசமுத்திரம் எல்லாம் ஒரே தாளில் வருகின்றன: 58 எச்/6. குற்றாலமும் தென்காசியும் அதற்கு வடக்கே 58 எச்/5. திருநெல்வேலி ஊர் கிழக்கே 58 எச்/10. ஒவ்வொரு தாளும் கால் டிகிரிக்குக் கால் டிகிரி, தரையில் ஒரு பக்கம் 27 கி.மீ.க்குச் சற்று மேல். நமக்கு ஒரு தொல்லை என்னவென்றால், பொதிகை உச்சி 77 டிகிரி 15 நிமிடக் கோட்டை ஒட்டியே நிற்கிறது. தாளின் விளிம்பும் அதே கோடுதான். ஆறு பிறக்கிற இடத்தைப் பார்க்கப் போனால் தாள் முடிந்துவிடும். மேற்கே உள்ள 58 எச்/2-ஐயும் வாங்கி ஒட்டித்தான் அகத்தியரை முழுசாகப் பார்க்க வேண்டும்.

சரி, ஒரு அங்குலத் தாள். என் கையில் இருப்பது அணைக்கு முந்திய அளவையின் நகல். துணி ஒட்டி எட்டாக மடித்து வைத்திருந்த மூலத்திலிருந்து எடுத்தது. இந்தத் தாளை முதல்முறை விரித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. காரையாறு ஏரி இருக்க வேண்டிய இடத்தில் ஏரி இல்லை. ஒரு நீலக் கோடு வளைந்து வளைந்து இறங்குகிறது. பக்கவாட்டு ஓடைகள் வந்து அதில் விழுகின்றன. இன்று படகுத்துறைக்கு எதிரே தண்ணீருக்குள் போய் மறைகிற ஓடைகளுக்கு அங்கே முடிவிடம் இருக்கிறது. நாற்பதுகளின் தொடக்கத்தில் எழுந்த அணை அது. 1944-இல் பாபநாசம் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்னால் அளந்த தாளைத் தவிர வேறு எதிலும் இந்தக் கோடு முழுசாக இல்லை. பின்னால் வந்த எல்லாருக்கும் அது ஒரு நீலத் திட்டு.

ஆனால் பள்ளத்தின் ஆழத்தை இந்தத் தாளில் அளந்துவிடலாம் என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். அணையின் உயரம் 143 அடி. மலைப் பகுதியில் நூறு நூறு அடிக்குக் கோடு போட்ட தாளில் அந்த 143 அடிக்குள் ஒன்றோ இரண்டோ கோடுதான் விழும். மெட்ரிக் தாளின் 20 மீட்டர் இடைவெளியில் பார்த்தாலும் இரண்டு, மூன்றுக்கு மேல் போகாது. ஆற்றின் தடம், ஓடை சேரும் இடம், ஒற்றையடிப் பாதைக்கான உடைந்த கோடு, இவ்வளவுதான் கிடைக்கும். எனக்கு வேண்டியதும் அதுவே.

வாங்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். ஓரத்தில் இரண்டு ஆண்டு இருக்கும்: அளந்த ஆண்டு, அச்சடித்த ஆண்டு. அச்சடித்த ஆண்டைப் பார்த்து விலை பேசுகிறவர்கள் உண்டு. 1950-இல் அச்சடித்த தாளில் 1915-இல் அளந்த மலை இருக்கலாம். ஆண்டே தெரியாத, ஓரம் கிழிந்த நகல் கிடைத்தால் எங்கள் பக்கத்துக்கு ஒரு சுருக்குவழி வைத்திருக்கிறேன்: ஏரிகளை எண்ணுங்கள். 58 எச்/6-இல் பெரிய அணை ஏரி ஒன்றுமே இல்லையா, அளவை நாற்பதுகளுக்கு முந்தியது. காரையாறு மட்டும் இருக்கிறதா, மணிமுத்தாறு அணை கட்டி முடித்த ஐம்பதுகளின் கடைசிக்கு முந்தியது. இரண்டும் இருந்து சேர்வலாறு இல்லையா, 1986-க்கு முந்தியது. மூன்றும் இருந்தால் நம் காலத்துத் தாள். பக்கத்து 58 எச்/5-க்கு இது உதவாது, அங்கே செங்கோட்டையைப் பாருங்கள். 1956 நவம்பர் வரை அது திருவிதாங்கூர்ப் பக்கம். எல்லைக் கோடு ஊருக்குக் கிழக்கே போனால் பழைய தாள்.

மாஞ்சோலையும் ஒரு கடிகாரந்தான். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் பாம்பே பர்மா கம்பெனி 99 ஆண்டு குத்தகைக்கு எடுத்த 8,373 ஏக்கர் அது. அதற்கு முந்திய அளவையில் அங்கே காடு. பிந்தியதில் மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தோட்டப் பெயர்கள் வரிசையாக ஏறுகின்றன. குத்தகை முடியும் 2028-க்குப் பிறகு வரும் தாளில் அந்தப் பெயர்கள் நிற்குமா என்று பார்க்க வேண்டும்.

இப்போது மெட்ரிக் 1:50,000. ஆயிரந்தான் சொன்னாலும் தாள் என்றால் இதுதான் தாள். இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். தலையில் கணக்குப் போடலாம். ஒரு அங்குலத் தாளில் மைலும் அடியும் பர்லாங்கும், கட்டம் போட்டிருந்தால் அதுவும் கஜத்தில். இங்கே அந்தத் தொல்லை இல்லை. வண்ணக் குறிகளும் தெளிவு: மண்நிறத்தில் சமஉயரக் கோடு, பச்சையில் காடு, மஞ்சளில் வயல், சிவப்பில் ஊரும் ரோடும். எனக்குப் பிடித்தது தண்ணீரைக் காட்டும் முறை. வருஷம் முழுக்கத் தண்ணீர் இருந்தால் நீலம். வற்றிப்போகிற ஓடைக்குக் கறுப்பு. எந்த ஓடை மே மாதத்திலும் ஓடும், எது ஐப்பசி மழைக்கு மட்டும் உயிர்பிடிக்கும் என்பது நிறத்திலேயே இருக்கிறது. குளக்கரை பக்கத்தில் ஒரு எண்ணும் அதை ஒட்டி ஒரு எழுத்தும் இருக்கும். தரையிலிருந்து கரை எத்தனை மீட்டர் எழும்பி நிற்கிறது என்று அர்த்தம். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வயல் வைத்திருக்கிறவருக்கு இந்தத் தாள் ஒரு அங்குலத் தாளைவிடப் பத்து மடங்கு உபயோகம்.

குறை என்றால் கிடைப்பதுதான். கடலோர, எல்லையோர மாவட்டங்களின் தாள்களுக்கு ரொம்ப காலம் கட்டுப்பாடு இருந்தது. வாங்கக் கடிதம், அனுமதி என்று அலைய வேண்டும். இப்போது பழைய புத்தகக் கடைகளிலும் பேராசிரியர் வீட்டுப் பரண்களிலும் அகப்படுகிறது. அகப்பட்டால் விடாதீர்கள்.

2005 வரைபடக் கொள்கைக்குப் பிறகு வந்தது திறந்த வரிசை. 2017-இல், நில அளவைத் துறைக்கு 250 வயது நிறைந்தபோது, இணையத்தில் பதிவு செய்து இலவசமாக இறக்கிக்கொள்ள விட்டார்கள். எண் மாறிவிட்டது: பழைய 58 எச்/6 இதில் சி43எக்ஸ்6. தலை சுற்றாமல் இருக்க ஒரு குறிப்பு: கடைசி எண் மாறவில்லை, ஆறு ஆறாகவே இருக்கிறது. பெரிய லாபம் என்னவென்றால், செல்போனில் வரும் ஜி.பி.எஸ். எண்ணை நேராக இதில் வைத்துப் பார்க்கலாம். பழைய தாள்கள் 1830-இல் ஜார்ஜ் எவரெஸ்ட் என்ற அளவை அதிகாரி கணித்த பூமி வடிவத்தை வைத்தவை, ஜி.பி.எஸ். கணக்கு வேறு. எங்கள் பக்கத்தில் இரண்டுக்கும் இருநூறு மீட்டர் அளவுக்கு விலகல் வரும். சமவெளியில் இருநூறு மீட்டர் ஒரு வயல் தள்ளி நிற்பது. பள்ளத்தாக்கில் அது ஆற்றின் மறுகரை. ஆச்சி நடந்தது எந்தக் கரை என்று தேடுகிறவனுக்கு இதைவிட மோசமான பிழை இருக்க முடியுமா? முதல் ஆறு மாதம் இந்த விலகல் தெரியாமலே நான் பழைய தாளையும் செல்போனையும் ஒப்பிட்டு, பழைய ஆட்களுக்கு அளக்கத் தெரியவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இலவசத் தாளின் குறைகளும் உண்டு. பாதுகாப்பு முக்கியத்துவம் உள்ள இடங்களை விட்டுவிட்டுத்தான் வெளியிடுவார்கள். அச்சின் மெருகும் பழைய தாளுக்கு ஈடில்லை. இன்னொன்று நாமே வரவழைத்துக்கொள்வது. திருநெல்வேலியில் ஒரு கடையில் இதை அச்சடிக்கக் கொடுத்தேன். தம்பி அழகாக எடுத்துக் கொடுத்து, "பேப்பர்ல சரியா உக்கார வச்சுட்டேன் அண்ணாச்சி" என்றான். உட்கார வைக்கத்தான் செய்திருந்தான், சுருக்கி. 55 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய தாள் 40-க்கு வந்துவிட்டது. இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர் என்று நான் அளந்ததெல்லாம் தப்பு. அடியில் இருக்கும் அளவுக்கோடும் சேர்ந்து சுருங்கும் என்பதால் அதை வைத்துத் தப்பிக்கலாம். எழுத்தில் இருக்கும் விகிதத்தை நம்பினால் போச்சு. பழைய தாளின் நகலுக்கும் இதே விதிதான்.

பெயர்கள் விஷயத்தில் மூன்று பேருமே சுமார். எல்லாமே ஆங்கில எழுத்து. பழையதில் திருநெல்வேலி 'டின்னவேலி', பாளையங்கோட்டை 'பாளம்கோட்டா', சேரன்மகாதேவி 'ஷெர்மாதேவி'. பொதிகைக்கு இன்னும் மோசம். 1855-இல் திருவிதாங்கூர் அரசின் வானியலாளர் ஜான் ஆலன் பிரவுன் உச்சியில் ஓர் ஆய்வுக்கூடம் போட்டார். அவர் எழுத்தில் அகத்தியர் மலை 'அகஸ்டியா மல்லி' ஆகிவிட்டது. மல்லி என்றதும் நான் பூவைத்தான் நினைத்தேன். புதிய தாளில் ஊர்ப் பெயர்கள் திருந்தியிருக்கின்றன, மலைக்குள் உள்ளவை அவ்வளவாகத் திருந்தவில்லை. பேயாறு, உள்ளாறு, பாம்பாறு, காரையாறு என்று மேலே இத்தனை ஆறு கூடுகிறது. எந்தப் பெயர் எந்தக் கோட்டுக்கு என்பதைத் தாளில் எழுத்து நிற்கும் இடத்தை வைத்துச் சொல்ல முடியாது. முண்டந்துறைப் பக்கம் வாட்சராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் தாளைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தவர், "எழுத்து ஒரு பக்கம் நிக்கி, ஆறு ஒரு பக்கம் போவுது. இத வச்சு நீங்க எங்க தம்பி போவீய?" என்றார். பென்சிலைக் கொடுத்தேன். அரைமணி நேரத்தில் அவர் எழுதித் தந்த பெயர்கள் மூன்று தாளிலும் சேர்த்து இருப்பதைவிட அதிகம்.

செயற்கைக்கோள் படத்துக்கு வருவோம். மேப்பே எதற்கு, செல்போனைத் திறந்தால் எல்லாம் தெரிகிறதே என்று கேட்பவர்களுக்கு: அடர்ந்த காட்டில் மேலே இருந்து தெரிவது மரத்தின் தலை. கீழே ஓடும் ஓடை தெரியாது, பாதை சுத்தமாகத் தெரியாது. 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடார் வைத்து எடுத்த உயரத் தரவை வைத்தும் பார்த்தேன். முப்பது மீட்டருக்கு ஒரு புள்ளி, இலவசம், முப்பரிமாணத்தில் சுழற்றிப் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் காடு இருக்கும் இடத்தில் மரத்தின் உயரமும் கலந்து வரும். ஏரி இருக்கும் இடத்தில் தட்டையான மேஜை. தண்ணீருக்கு அடியில் அந்த ரேடார் பார்க்காது.

ஒரே ஒரு விஷயத்தில் இது பழைய தாளை முந்துகிறது. வறட்சிக் கோடையில் அணை அடிமட்டத்துக்கு இறங்கும்போது எடுத்த படங்கள் சில கிடைக்கின்றன. சேறு வெடித்த ஏரிப்படுகையில் பழைய ஆறு மெல்லிய கோடாகத் தலைகாட்டும். வண்டல் மேடிட்டு உருமாறிய கோடுதான், இருந்தாலும் நிஜக் கோடு. அதைத் திறந்த வரிசைத் தாளில் பொருத்தி, அதன் மேல் விலகலைச் சரிசெய்த ஒரு அங்குலத் தாளை வைத்துப் பார்த்தேன். பாபநாசத்திலிருந்து அணை வரை மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன. பழைய ஆட்களைத் திட்டியதற்கு அன்று மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஆக, ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்றால் மெட்ரிக் தாள். காசு செலவழிக்க மாட்டேன் என்றால் திறந்த வரிசைத் தாள், முழு அளவில் அச்சடிக்கச் சொல்லிக் கடைக்காரர் தலைமேல் நின்று வாங்குங்கள். அணைக்கு அடியில் என்ன இருந்தது என்று தெரிந்தே ஆக வேண்டுமென்றால் ஒரு அங்குலத் தாளுக்கு மாற்று இல்லை. ஆனால் தனியாக அதை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு கட்டாதீர்கள். நடந்து பார்த்துச் சரிபார்க்கவும் வழியில்லை. எல்லாம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள்; வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போவது சட்டப்படி தப்பு.

ஆச்சியின் வழியா? ஒற்றையடிப் பாதையின் உடைந்த கோடு என் நகலில் ஆற்றை ஒட்டியே வருகிறது. நூல் வைத்து வளைவு வளைவாக அளந்துகொண்டே போனேன். பாதி தூரத்தில் தாளின் மடிப்பு. எத்தனையோ தடவை மடித்து விரித்ததில் அந்த இடத்தில் மை உதிர்ந்து வெள்ளை விழுந்திருக்கிறது. மடிப்புக்கு அந்தப் பக்கம் கோடு எதிர்க்கரையில் இருக்கிறது. நடுவில் எங்கே கடந்தார்கள், பாறை தாவியா, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கியா என்பது அந்த வெள்ளைக்குள் போய்விட்டது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மடிக்காத பிரதி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.